தம்பிக்கு மனச்சிதைவு: மீள்வது எவற்றைப் பொறுத்தது?

கேள்வி (பாம்பன்):
வணக்கம். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் தம்பிக்கு 22 வயது. யாரோ தன்னைக் கொல்லப் பார்ப்பதாகவும் காதில் குரல் கேட்பதாகவும் அவன் சொல்லத் தொடங்கி, எட்டு மாதங்கள் மந்திரிப்பதிலும் நேர்த்திக்கடனிலும் கழிந்த பிறகே மருத்துவரிடம் காட்டினோம், மனச்சிதைவு என்றார். ஆறு வாரமாக மாத்திரை எடுப்பதில் குரல் அடங்கி, மறுபடி கடலுக்கும் போகிறான். அவன் முழுமையாக மீள்வானா?

பதில் (கீழக்கரை):
சகோதரி, மனநலப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். திடீரென, ஓர் அதிர்ச்சியை ஒட்டித் தொடங்கிய நோயும், அதற்கு முன் வேலையும் நட்பும் சீராக இருந்தவர்களின் நோயும் பெரும்பாலும் நன்றாகவே தேறுகின்றன; சிறு வயதிலிருந்தே மெல்ல ஒதுங்கி, பேச்சும் ஆர்வமும் வற்றியவர்களுக்கு மீட்சி கடினம். இவை நம் கையில் இல்லை. சிகிச்சை தாமதமானதும் பாதிக்கும் என்பது உண்மையே, ஆயினும் அந்த எட்டு மாதங்களை எண்ணி உங்களை நொந்துகொள்ளாதீர்கள். சென்னையில் முதன்முறை நோய் கண்ட 90 பேரை 1980களில் தொடங்கிப் பின்தொடர்ந்த ஆய்வில், பத்தாண்டு முடிவில் பெரும்பாலானோர் நல்ல நிலையில் இருந்தார்கள்.

இனி உங்கள் கையில் இருப்பது மருந்து. குரல் அடங்கியதும் "சரியாகிவிட்டது" என்று தாமாக நிறுத்துவதால்தான் நோய் பெரும்பாலும் திரும்புகிறது. அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் பழைய நிலைக்கு வருவது தாமதமாகும். அறிகுறிகள் அடங்கியபின்னும் ஓராண்டுக்கு மேல் தொடரச் சொல்வார்கள். கஞ்சாப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில் (தொண்டி):
என் மகன் நோயுற்று 11 ஆண்டுகள் ஆகின்றன. அவன் குளிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைச் சோம்பல் என்று எண்ணி நாங்கள் தினமும் ஏசினோம். அதுவும் நோயின் ஒரு கூறு என்று பின்னர்தான் தெரிந்தது. ஓயாத குறைகூறலும், ஒரு நிமிடமும் தனியே விடாத அளவுகடந்த கவனிப்பும் நோயைத் திரும்ப அழைக்கும் என்று மருத்துவர் விளக்கினார். ஏச்சை நிறுத்தி, கரையில் வலை பொத்தும் வேலையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தோம். இன்று அரைநாள் வேலை பார்க்கிறான். உங்கள் தம்பிக்கும் வேலையைப் பறித்துவிடாதீர்கள்.

பதில் (ஏர்வாடி):
நேர்ச்சை செய்ததில் குற்றமில்லை அம்மா. மருந்தும் தொழுகையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எங்கள் ஊரில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. யார் சொன்னாலும் அதற்கு இணங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கடலில் தங்கும் இரவுகளில் அவன் மாத்திரை போடுவதில்லை என்று இன்றுதான் ஒப்புக்கொண்டான். இதற்கு வழி உண்டா?

பதில் (கீழக்கரை):
உண்டு. மாதம் ஒருமுறை போடும் நீடித்து வேலை செய்யும் ஊசி அவனுக்குப் பொருந்துமா என்று அடுத்த முறை கேளுங்கள். அதுவரை நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். மாத்திரை தூக்கம் தந்தால் படகில் இருக்கும்போது அது ஆபத்து.