தோட்டத்து மாடல் ரயிலுக்கு 32 + 45 மில்லி மூணு தண்டவாள லைன்: சைடிங் எந்தப் பக்கம் பிரிக்கலாம்?

கரிவண்டி_குமார்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது இங்கிலாந்துல, லெஸ்டர் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி 11 மீட்டர் நீளம் 6 மீட்டர் அகலத்துல தோட்டம், அதுல பாதிய வீட்டம்மா எனக்கு ஒதுக்கிட்டாங்க (ரோஜா செடிப் பக்கம் போகக்கூடாதுன்னு கண்டிஷன்). என்கிட்ட ரெண்டு வகை மாடல் ரயில் வண்டி கிடக்கு, ஒண்ணு 45 மில்லி கேஜ்ல (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம்) ஓடற எல்ஜிபி கம்பெனி வண்டி, கரண்ட்ல ஓடறது, இன்னொண்ணு 32 மில்லி கேஜ்ல ஓடற நிஜ நீராவி இன்ஜின், கேஸ் பர்னர் வெச்சது, அதோட கொஞ்சம் சின்ன வேகன். ரெண்டுக்கும் தனித்தனியா வட்டம் போட இடம் இல்ல, அதனால ஒரே லைன்ல மிக்ஸட் கேஜ் (ரெண்டு அகல வண்டியும் ஓடற பாதை) போட்டு ரெண்டு மூணு சைடிங் (மெயின் லைன்லேர்ந்து பிரியற கிளைப் பாதை) விடலாம்னு நினைக்கறேன். மூணு தண்டவாளமா நாலு தண்டவாளமா? கடையில மிக்ஸட் பாயின்ட் (பாதை பிரியற இடத்துல வெக்கறது) எதுவும் கண்ணுல படல, நானேதான் செய்யணும் போல. அப்புறம் நீராவி வண்டிய கரண்ட் ஓடற தண்டவாளத்துல விட்டா ஷார்ட் ஆகும்னு சொல்றாங்க, அது வேற பயமா இருக்கு.

பழைய_கேங்_மேஸ்திரி:
தம்பி, நாலு தண்டவாளத்த மறந்துடு. 45க்கு நடுவுல 32 வெச்சா ரெண்டு பக்கமும் 6.5 மில்லிதான் இடைவெளி, அதுல தண்டவாளத்தோட தலை அகலமே ரெண்டு ரெண்டரை மில்லி சாப்பிட்டுடும், மிச்சம் இருக்கற நாலு மில்லியில எல்ஜிபி சக்கரத்தோட தடிமனான ஃப்ளாஞ்ச் (சக்கரத்தோட உள்பக்க விளிம்பு) நேர் லைன்ல எப்படியோ போயிடும், பாயின்ட்ல போய் நிக்கும். மூணு தண்டவாளம்னா ஒரு பக்கம் பொதுவா இருக்கும், இன்னொரு பக்கம் 13 மில்லி வித்தியாசம் கிடைக்கும், தாராளம்.

இப்ப ஒரு தாள்ல மூணு கோடு போடு. இடது ஓரம் அ, அதுதான் பொதுத் தண்டவாளம். நடுவுல ஆ, வலது ஓரம் இ. 32 வண்டி அ-ஆ மேல போகும், 45 வண்டி அ-இ மேல போகும். 32 சைடிங்க அ பக்கமா, அதாவது இடது பக்கம் பிரிச்சேன்னா சாதாரண 32 பாயின்ட் ஒண்ணே போதும், கடையில வாங்கிப் போட்டுக்கலாம். ரெண்டு டங் ரெயில் (வண்டியத் திருப்பற நகரும் தண்டவாளம்), ஒரு கிராசிங் (ஒரு தண்டவாளம் இன்னொண்ண வெட்டற இடம்), அவ்வளவுதான், இ தண்டவாளம் அதுபாட்டுக்கு வெளியில போயிட்டே இருக்கும், எதுவும் அத வெட்டாது. அதே சைடிங்க வலது பக்கம் பிரிச்சுப் பாரு, ஒரே பாயின்ட்ல மூணு கிராசிங் வரும். கோடு போட்டு எண்ணிப் பாத்துட்டு வா.

45 சைடிங் எந்தப் பக்கம் பிரிச்சாலும் ரெண்டு கிராசிங் தப்பாது, ஏன்னா அது ஆ-வையும் வெட்டியாகணும். அதனால மிக்ஸட் லைன்ல 45 சைடிங்கே வேணாம்ங்கறது என் கட்சி. லைன் பிரிஞ்சு தனி 45 ஆன பிறகு அங்க வெச்சுக்கோ.

ஒரு விஷயம் விட்டுடாத. கடை பாயின்ட்ல கிராசிங்குக்கு எதிர்ல ஆ-வ ஒட்டி செக் ரெயில் (சக்கரத்த உள்பக்கமா பிடிச்சு வழி காட்டற துண்டு தண்டவாளம்) இருக்கும், அது 32 சக்கரத்த மட்டும்தான் பிடிக்கும். 45 வண்டிக்கு இ-ய ஒட்டி நீ தனியா ஒரு செக் ரெயில் அடிக்கணும், இல்லன்னா இடது சக்கரம் கிராசிங் மூக்குல (கூர் முனையில) முட்டி சைடிங் பக்கம் இழுத்துட்டுப் போகும்.

தண்டவாளம் மூணும் ஒரே உயரமா இருக்கணும்னு சொல்லத் தேவையில்ல. பீக்கோ கம்பெனியோட 32 டிராக் கோட் 200 (கோட்ங்கறது தண்டவாள உயரம், அங்குலத்துல ஆயிரத்துல எத்தனை பங்குன்னு), அதாவது 5 மில்லி உயரம், அவங்களோட 45 டிராக் கோட் 250, எல்ஜிபி பித்தளை கோட் 332, எட்டு மில்லிக்கு மேல. கலந்து கட்டாத. மூணாவதுக்கும் கோட் 200 தண்டவாளத்தையே வாங்கிப் போடு.

கென்ட்_தோட்டக்காரன்:
மேஸ்திரி சார் சொன்னதெல்லாம் சரி, ஆனா நான் ஒண்ணு கேக்கறேன் குமார், உங்களுக்கு மிக்ஸட் கேஜ் நிஜமாவே வேணுமா? 16 மில்லி ஸ்கேல்ல (நிஜ ஒரு அடிக்கு மாடல்ல 16 மில்லி) வர்ற வேகன் பலதுல சக்கரத்த அச்சுல நகர்த்தி 32லேர்ந்து 45க்கு மாத்திக்கலாம், நீராவி இன்ஜின் சிலதுலயும் அந்த வசதி உண்டு. உங்க இன்ஜின் அப்படின்னா எல்லாத்தையும் 45க்கு மாத்திட்டு நிம்மதியா இருக்கலாம். மூணு தண்டவாளம் பாக்க அழகுதான், அதுக்காகவே போடறேன்னா ஸ்டேஷன்ல மட்டும் ஒரு மூணு நாலு மீட்டர் போடுங்க, தோட்டம் முழுக்க வேணாம்.

அப்புறம் உங்க ஊர் மண்ணு களிமண்ணா இருந்தா நேரா மண்ணுல ஜல்லி கொட்டி மேல டிராக் வெக்காதீங்க, கோடையில விரிசல் விடும், குளிர்ல உறைஞ்சு எழும்பும். கீழ கான்கிரீட் பிளாக்கோ மரச்சட்டமோ வெச்சு மட்டம் பாத்துட்டு அப்புறம் டிராக். ரேடியோ கன்ட்ரோல் இல்லாத நீராவி வண்டிக்கு ஏத்த இறக்கம் இருந்தா ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது பிடிச்சு நிறுத்த ஆளு ஓடணும். வளைவு 1.2 மீட்டர் ஆரத்துக்குக் குறையாம பாத்துக்கோங்க. எல்ஜிபியோட ஆர்1 வளைவு 60 சென்டிமீட்டர்தான், அதுல வண்டி ஓடும், ஆனா பொம்மை மாதிரி தெரியும்.

கூர்_ரவி:
வணக்கம் அண்ணை. நான் சுவிஸில கூர் நகரத்துக்குக் கிட்ட இருக்கிறன். இங்க கூரில இருந்து டோமாட் எம்ஸ் வரைக்கும் உண்மையிலேயே மூண்டு தண்டவாளம் தான், ரேத்திஷ பான் எண்ட ரயில் கொம்பனியின்ர மீட்டர் கேஜ் ரெயிலும் எம்ஸ் ஃபக்டரிக்குப் போற 1435 மில்லி சரக்கு வண்டியும் ஒரே பாதையில ஓடும். கணக்குப் பாத்தால் 1:32 ஸ்கேலில 45 மில்லி கிட்டத்தட்ட ஸ்டாண்டர்ட் கேஜ், 32 மில்லி கிட்டத்தட்ட மீட்டர் கேஜ், அப்ப உங்கட மூண்டு தண்டவாளம் எங்கட ஊர்ப் பாதை போலவே இருக்கும். ஆனா உங்கட எல்ஜிபி 1:22.5, நீராவி 1:19 எண்டால் ஸ்கேல் ஒண்டோடொண்டு பொருந்தாது, அது உங்களுக்குப் பிரச்சினை இல்லையெண்டால் எனக்கும் இல்லை.

கரண்ட் விசயம் நீங்கள் பயப்பிடுற அளவுக்கு ஒண்டும் இல்லை. நீராவி இன்ஜினில கனக்க வண்டிக்கு சக்கரம் அச்சில இன்சுலேட் பண்ணியிருக்காது, அதாலதான் ரெண்டு தண்டவாளத்தையும் இணைச்சு ஷார்ட் ஆக்கும். உங்களுக்கு கரண்ட் வண்டி 45, நீராவி 32. அப்ப கரண்டை அ-வுக்கும் இ-க்கும் மட்டும் குடுங்கோ, ஆ-வுக்கு வயரே வேண்டாம். நீராவி வண்டி அ-வையும் ஆ-வையும் இணைச்சாலும் இ அதுக்கு எட்டாது, ஷார்ட் ஆக வழியே இல்லை. ஆ-வும் இ-யும் எங்கையும் உலோகத்தால முட்டாமப் பாத்தால் போதும், பிளாஸ்டிக் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்குக் கீழ இருக்கிற கட்டை) எண்டால் அதுவும் சுகம்.

கரிவண்டி_குமார்:
ரவி, இது மண்டையில தோணவே இல்ல, ஆ-வ சும்மா விடறதுன்னு! மேஸ்திரி சார், கோடு போட்டு எண்ணிட்டேன், மூணு வருது. அப்ப 32 சைடிங் எல்லாம் வேலிப் பக்கம், அ வேலிப் பக்கம். வேகன் கேஜ் மாத்தறதப் பத்தி கென்ட்காரர் சொன்னது சரிதான், ஆனா எனக்கு அந்த மூணு தண்டவாளம்தான் ஆசையே, ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு முன்பக்க நீளம் வரைக்கும் போடறேன். ரெண்டு சந்தேகம். பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம்? 45 இன்ஜினால 32 வேகன இழுக்க முடியுமா?

பழைய_கேங்_மேஸ்திரி:
பிளாட்ஃபாரமும் அ பக்கம்தான். இங்கிலாந்துல கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 7 அடி கேஜ் வெச்சிருந்த காலத்துல, 1892 மே மாசம் அத ஒழிச்சுக்கட்டற வரைக்கும், மிக்ஸட் லைன்ல ஸ்டேஷன் வந்தா பொதுத் தண்டவாளத்த பெரும்பாலும் பிளாட்ஃபாரம் பக்கம்தான் வெப்பாங்க. எந்த வண்டி வந்தாலும் அந்தப் பக்கத்து சக்கரம் ஒரே தண்டவாளத்துலதானே நிக்கும். சைடிங் பாயின்ட் பிளாட்ஃபாரம் முடிஞ்ச பிறகு வரட்டும்.

ரெண்டாவதுக்கு, இழுக்கலாம், ஆனா ரெண்டு வண்டியோட நடுக்கோடும் 6.5 மில்லி தள்ளி நிக்கும். நேர் லைன்ல கொக்கி கோணலா மாட்டிக்கிட்டு வரும், வளைவுல சின்ன வண்டிய தடம் புரட்டிடும். தனித்தனியாவே ஓட்டு.

அப்புறம் ஜாயின்ட்ல இடைவெளி விடு. 10 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஏழு மில்லி நீளும், வெயில் நாள்ல போட்டா இறுக்கமா போடலாம், குளிர்ல போட்டா ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கொஞ்சம் விட்டுத்தான் ஆகணும். மூணு தண்டவாளத்தோட ஜாயின்ட்டும் ஒரே இடத்துல வராம தள்ளித் தள்ளி வெச்சா வளைவு முறியாம நிக்கும்.

கரிவண்டி_குமார்:
ரொம்ப நன்றி சார். கடைசியா ஒண்ணு, இ-ல அடிக்கற செக் ரெயிலுக்கு இடைவெளி எவ்வளவு விடணும்?

பழைய_கேங்_மேஸ்திரி:
நம்பர நம்பாத தம்பி. முதல்ல உன் எல்ஜிபி சக்கரம் எல்லாத்துக்கும் உள்பக்க அளவு 40 மில்லி இருக்கான்னு காலிப்பர்ல பாத்துக்கோ. அப்புறம் ஒரு ஜோடி சக்கரத்த மட்டும் கழட்டி கிராசிங் மேல கையால உருட்டு, சைடிங் பக்கமா அழுத்திக்கிட்டே உருட்டு. ஃப்ளாஞ்ச் மூக்கத் தொடாம போற வரைக்கும் செக் ரெயில நகர்த்தி அங்கயே ஆணி அடி. எதிர்த் திசையிலயும் உருட்டிப் பாத்துட்டுத்தான் ஜல்லி போடணும், ஜல்லி போட்டப்புறம் பிரிக்கறது பெரிய வேலை.