புதுப்பிப்பு: மச்சான் கடைக் கணினியில் இருந்த அந்த ஃபைல்

போன வாரம் கேட்டிருந்தேன்: பாளையங்கோட்டையில் மச்சான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக் கணினி திணறுகிறது, டாஸ்க் மேனேஜரில் 'எஸ்விசிஹோஸ்ட்' வரிசையாக நிற்கிறது, அழித்துவிடலாமா என்று. அழிக்காதே, முதலில் அது எங்கே இருக்கிறதென்று பார் என்ற அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி.

நேற்றிரவு கடை அடைத்த பிறகு ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து இருப்பிடத்தைத் திறந்தேன். அந்தப் பெயரில் பல ஓடுவது விண்டோஸில் சகஜம்தான், சேவைகளைச் சுமப்பதே அதுதான். எல்லாம் விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்கே போயின. ஒன்று மட்டும் ஆப்டேட்டாவுக்குள் (மற்ற செயலிகள் தங்கள் தரவை வைக்கும் ஃபோல்டர்) போனது. பெயரை உற்றுப் பார்த்தால் 'வி'யும் 'சி'யும் இடம் மாறியிருந்தன! எத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்ததோ.

ப்ராப்பர்ட்டீஸில், யார் வெளியிட்ட ஃபைல் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லை. அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. விண்டோஸின் அசல் ஃபைல்கள் சிலவற்றிலும் அந்தப் பகுதி தெரியாது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் அந்த ஃபைலின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 எண்ணை எடுத்து, பல ஆன்டிவைரஸ்களின் முடிவைக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடினேன். திரை முழுக்கச் சிவப்பு, வைரஸ்தான்.

அப்புறம் நெட்டைத் துண்டித்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினேன். கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டது. ஊரார் ஆதார் நகலெல்லாம் இருக்கும் கணினி, அதுதான் மனதை உறுத்துகிறது. கடையின் பாஸ்வேர்டுகளை என் லேப்டாப்பிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறோம். பாதி முடிந்தது.