இம்யூனோதெரபி ஊசிக்குப் பிறகு உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோண்டாவில் மகள்:
அப்பாவுக்கு நுரையீரல் கான்சர். பெம்புரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கான்சர் மேல் ஏவி விடுவது, 3 கிழமைக்கு ஒருமுறை. 5ஆவது ஊசி முடிந்து 10 நாளில் வயிற்றோட்டம். முதல்நாள் ஒடியல் கூழ் குடித்திருந்தார், எல்லோரும் கூழைத்தான் திட்டினோம், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுத்தோம். ஒவ்வொரு தடவைக்கும் அம்மா கலண்டர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மூன்றாம் நாள் எண்ணினேன், 11 கோடு. பக்கத்து டொக்டர் என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்க, நான் "கீமோ" என்றேன். அந்த ஒரு சொல் இன்னும் குத்துகிறது. அவர் அதை நம்பி வயிற்றோட்டத்தை நிறுத்தக் குளிசை தந்து அனுப்பினார், இரண்டு நாள் வீண். பிறகு பார்த்தால் பெருங்குடல் அழற்சி, அப்பாவின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கியிருக்கிறது. ஸ்டீரொயிட் ஏற்றிய பிறகுதான் கோடு குறைந்தது.

சுன்னாகத்தான்:
மாமிக்குச் சிறுநீரகக் கான்சர், நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி ஊசியும் சேர்த்து. தலையிடி, எந்நேரமும் நித்திரை. மனம் விட்டுவிட்டார் என்றுதான் சொந்தக்காரர் சொன்னார்கள். ஒருநாள் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி, தலையில் ஊற்றத் தெம்பில்லாமல் அப்படியே நின்றார். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதித்து, உடம்புக்குத் தெம்பு தரும் கோர்ட்டிசோல் ஹோர்மோன் அடியோடு இறங்கியிருந்தது. அதற்குப் பதிலாக ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை தொடங்கிய மறுநாள் விடிய பிளேன் ரீ கேட்டார். அந்தக் குளிசை இனி ஆயுளுக்கும். ஆனால் தங்கச்சி, பக்கவிளைவு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே சொல்கிறார்கள், கவலைப்படாதீர்கள்.

கரவெட்டி அக்கா:
அப்படித் தேற்றாதீர்கள் தம்பி. என் அண்ணாவுக்கு ஒரு சொறிகூட வரவில்லை, கட்டி சுருங்கியது. பக்கவிளைவு வந்தவர்கள் கூடக்காலம் இருக்கிறார்கள் என்று சில ஆய்வுகளில் வந்தது உண்மைதான், ஆனால் கூடக்காலம் இருப்பவருக்குத்தானே கூட ஊசி போடுவார்கள், பக்கவிளைவு வரவும் நேரம் கிடைக்கும். இதயத் தசையில் அழற்சி வந்தால், அது அரிதுதான், ஆளையே கொண்டுபோய்விடும். நெஞ்சு நோ, மூச்சு வாங்கல், கண்ணிமை தொங்கல் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். கடைசி ஊசி போட்டு மாதக்கணக்கான பிறகும் பக்கவிளைவு வரும். அழற்சிக்குத் தரும் ஸ்டீரொயிட்டை 4 முதல் 6 கிழமை எடுத்து மெல்ல மெல்லக் குறைப்பார்கள், சுகம் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் திரும்பவும் தொடங்கும். போகிற இடமெல்லாம் "கீமோ இல்லை, இம்யூனோதெரபி" என்று சொல்லுங்கள், துண்டில் எழுதி பேர்சில் வையுங்கள்.

கோண்டாவில் மகள்:
எழுதி வைத்துவிட்டேன் அக்கா. ஊசியை நிறுத்திவிட்டார்கள், போன ஸ்கானில் கட்டி பெருக்கவில்லை. ஸ்டீரொயிட் குளிசை பிரெட்னிசோலோன் இப்போது 20 மில்லிகிராம். அப்பா இரவு 2 மணிக்கு எழும்பி முற்றம் கூட்டுகிறார். உங்கள் வீடுகளிலும் இப்படி நித்திரை இல்லாமல் இருந்தார்களா?