ரிஸ்க் எடுப்பீர்களா என்று உங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

மியூச்சுவல் ஃபண்டில் சேரும்போது ஒரு கேள்வித்தாள் தருவார்களே, 2019இல் அப்பா அதை நிரப்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். ‘சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள்?’ என்பதற்கு ‘இன்னும் வாங்குவேன்’ என்று டிக் அடித்தார். அதிக ரிஸ்க் தாங்கக்கூடியவர் என்று முடிவு வந்தது. 2020 மார்ச் 23, சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. சாயங்காலமே “எல்லாத்தையும் வித்துடுப்பா” என்றார். அப்பா அன்று பொய்யாக டிக் அடிக்கவில்லை. சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

*

இதைப் படித்ததும் எனக்கு ஒரு அம்மா ஞாபகம் வந்தது. படிக்கிற காலத்தில் திருவண்ணாமலைப் பக்கம் விவசாயிகளிடம் காசு சுண்டும் விளையாட்டு நடத்தினோம். ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் மகாராஷ்டிர, ஆந்திரக் கிராமங்களில் செய்து 1980இல் வெளியிட்ட முறை அது. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய். அது வேண்டாமென்றால், எது விழுகிறதோ அதைப் பொறுத்து 30 அல்லது 150. துணிந்தவருக்கு ஒன்றுமில்லை அல்லது 200. அன்றைக்கு 50 ரூபாய் என்பது பல நாள் கூலி. நாங்கள் இந்தக் காலத்துக்கு ஏற்றபடி ஒரு சைபர் சேர்த்துக்கொண்டோம்.

முதலில் பணமில்லாமல் சும்மா கேட்டோம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இரண்டாயிரத்தைத் தொட்டார். அப்புறம் நிஜ நோட்டுகளைப் பாயில் பரப்பினோம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நாளைக்குக் களை எடுக்க ஆள் வருது தம்பி” என்று உறுதியான ஐந்நூறை எடுத்துக்கொண்டார்.

சரி, பயந்த சுபாவம் என்று குறித்துக்கொண்டோம். பேச்சோடு பேச்சாகத்தான் தெரிந்தது, நகையை அடகு வைத்து இரண்டு முறை போர் போட்டவர் அவர். இரண்டிலும் தண்ணீர் வரவில்லை, மூன்றாவதுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்! எங்கள் தாளில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. ஜெர்மனியில் நடக்கும் பெரிய குடும்பக் கணக்கெடுப்பில் வண்டி ஓட்டுவது, பணம், உடல்நலம், வேலை என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு ரிஸ்க் எடுப்பீர்கள் என்பதற்குத் தனித்தனியாக 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். பணத்தில் நடுங்குகிறவர் பைக்கில் பறப்பதை நாம் தினமும் பார்க்கிறோமே.

பின்ஸ்வாங்கர் கண்டதும் உங்கள் அப்பா கதையோடு ஒத்துப்போகிறது. தொகை சின்னதாக இருக்கும்வரை ஆளுக்கொரு மாதிரி ஆடினார்கள். பெரிதானதும் பெரும்பாலோர் ஜாக்கிரதையாகிவிட்டார்கள். பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம்கூட அதில் பெரிதாக இல்லை.

அடுத்த முறை அப்பாவிடம் சதவீதத்தில் கேட்காதீர்கள். ஸ்டேட்மென்ட்டைக் கையில் கொடுத்து, “இந்த ஐந்து லட்சம் அடுத்த மாதம் நாலு லட்சமாக இருந்தால் என்னப்பா செய்வீங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.