புது கர்னலில் சர்வர் பூட் ஆகவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, பலர் லாகின் செய்யும் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடுவது நாங்களே கம்பைல் செய்த 5.10.90 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). 'டர்ட்டி பைப்' ஓட்டை (சிவிஇ-2022-0847) அடைக்கப்பட்டது 5.10.102-இல்தான். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பின் பேஜ் கேஷில்கூட (மெமரியில் இருக்கும் அதன் நகல்) சாதாரண யூசர் எழுதிவிடலாம். அப்படியே ரூட் (முழு அதிகாரமுள்ள யூசர்) ஆகிவிடலாம். இத்தனை நாள் கவனிக்காமல் விட்டது என் தவறு.

பழைய கான்ஃபிக்கையே வைத்து 5.10.102 கம்பைல் செய்தேன். ரூட் டிஸ்க் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) கிடைக்கவில்லை என்று பூட் நின்றுவிடுகிறது. ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) டிரைவர், பூட் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். பூட் மெனுவான கிரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் உடனே வந்துவிடுகிறது.

வேறு எதைச் சோதிக்க வேண்டும்? டர்ட்டி பைப்பை அடைக்கும் அந்த ஒரு பேட்ச்சை மட்டும் எடுத்து 5.10.90-இல் சேர்ப்பது பாதுகாப்பா? மற்ற ஓட்டைகள் திறந்தே இருக்குமே என்று தயங்குகிறேன். இப்போதைக்கு எல்லோருடைய லாகினையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.