மால்பெக் ஒயினுக்கு வஞ்சிரம் ஒத்துவரவில்லை, வேறு என்ன சமைக்கலாம்?

பெரம்பூர்_பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். மாமா கப்பலில் இருந்து லீவுக்கு வந்தபோது அர்ஜென்டினா ரெட் ஒயின் இரண்டு பாட்டில் கொடுத்தார். லேபிளில் மால்பெக், மெண்டோசா, 14% என்று போட்டிருக்கிறது. போன ஞாயிறு காசிமேட்டில் நல்ல வஞ்சிரம் கிடைத்தது, வறுவலும் காரமாக இறால் தொக்கும் வைத்து ஒன்றைத் திறந்தோம். முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. மீனைக் கடித்துவிட்டு அடுத்த வாய் குடித்ததும் துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு வாடை, தொக்குக்கு அப்புறம் குடித்தால் தொண்டையே எரிகிறது. பாட்டில் கெட்டுப்போயிருக்குமா, இல்லை நாங்கள் சாப்பிட்டதுதான் தப்பா? கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி குடும்பத்தோடு சாப்பிடப்போகிறோம், இன்னொரு பாட்டிலையும் வீணாக்க மனசில்லை.

ராயபுரம்_பார்:
பாட்டில் கெடவில்லை தம்பி. நான் ஓட்டல் பாரில் 11 வருடமாக வேலை செய்கிறேன், இதை நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். ரெட் ஒயினில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு, அது மீன் எண்ணெயோடு சேர்ந்ததும் அந்த வாடையைக் கிளப்பிவிடும். மிளகாய்க் காரத்தை 14% ஆல்கஹால் இன்னும் ஏற்றிவிடும். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மால்பெக் என்பது திராட்சை வகையின் பெயர், அதைப் புரிந்துகொள்ள நாவல்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கருநீலம், அதே துவர்ப்பு. வண்டிக்காரர் நாவல்பழத்தில் உப்பைத் தூவிக் குலுக்கித் தருவார் இல்லையா, உப்பு பட்டதும் துவர்ப்பு அடங்கி இனிப்பு மேலே வரும். இந்த ஒயினும் அப்படியே. உப்பும் கொழுப்பும் இருக்கிற கறி வேண்டும், மிளகாய் குறைவாக இருக்க வேண்டும்.

பெரம்பூர்_பேரன்:
ரொம்ப நன்றி அண்ணா. நாவல்பழம் என்றதும் பளிச்சென்று புரிந்தது. ஆனால் இவ்வளவு கருப்பாக ஏன் இருக்கிறது? இதற்கு முன்னால் குடித்த ரெட் ஒயின் எல்லாம் கிளாஸைத் தாண்டி விரல் தெரியும், இதில் ஒன்றுமே தெரியவில்லை.

ராயபுரம்_பார்:
பாதி திராட்சையின் குணம், பாதி ஊரின் வேலை. இது பூர்வீகத்தில் பிரான்ஸ் திராட்சை, தென்மேற்கில் லோட் ஆற்றங்கரையில் இருக்கிற கஹோர் ஊர்ப்பக்கம் அதன் ஒயினைக் கருப்பு ஒயின் என்றே சொல்வார்கள். 1853-ல் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் அரசுப் பண்ணை தொடங்கியபோது அங்கே கொண்டுபோனார். பிரான்சில் 1956 பனியில் கஹோர் கொடிகள் பெரும்பகுதி கருகிப்போயின, அர்ஜென்டினாவிலோ இது ஊன்றிவிட்டது. இன்றைக்கு உலகத்து மால்பெக்கில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது.

மெண்டோசா ஆண்டிஸ் மலை அடிவாரம். வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை வந்தாலே பெரிய விஷயம், நமக்கு ஒரு புயல் வந்தால் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். மலையில் உருகுகிற பனித்தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள், ஸ்பெயின்காரர் வருவதற்கு முன்பே அங்கிருந்த ஊவார்ப்பே மக்கள் தொடங்கிய பழக்கம் அது. ஊகோ பள்ளத்தாக்கில் சில தோட்டங்கள் 1,500 மீட்டர் உயரம் வரை இருக்கின்றன. அந்த உயரத்தில் வெயில் சுள்ளென்று படுவதால் பழத்தோல் தடிக்கிறது, நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கிறது. ராத்திரி குளிர்ந்துவிடுவதால் புளிப்பும் போகாமல் நிற்கிறது. அவர்களுக்குப் பெரிய பயம் ஆலங்கட்டி மழை, அதனால் கொடிக்கு மேலே வலை கட்டியிருப்பார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள், குடிக்கும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 16-லிருந்து 18 டிகிரிதான் இதற்குச் சரி. நம் வீட்டுச் சூட்டில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் வரும்.

திருவொற்றியூர்_மாலுமி:
ரொசாரியோ துறைமுகத்தில் சோளம் ஏற்றப் போயிருந்தபோது சுமைதூக்குகிறவர்கள் சாப்பிடுகிற கடையில் சாப்பிட்டிருக்கிறேன். மாட்டு விலாவை எலும்போடு, கல் உப்பு மட்டும் போட்டு, விறகுத் தணலுக்கு மேலே உயரமாக வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுவார்கள். தீ எழும்பவே கூடாது, கொழுப்பு சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து புகையும். மசாலா கிடையாது. ஒரு துண்டு கறி, ஒரு வாய் மால்பெக், அந்தத் துவர்ப்பு எங்கே போனது என்றே தெரியாது. மாடியில் கரியடுப்பு வைக்க முடிந்தால் மட்டன் சாப்ஸில் இதையே செய்யலாம், உப்பும் இடித்த மிளகும் போதும். பிரியாணியோடு இதைத் திறக்காதீர்கள்.

லோகோ_காலனி_அக்கா:
தம்பி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியன் என்றால் அவர்களிடம் சால்ட் பீஃப் செய்யச் சொல்லுங்கள், வேறு எதையும் தேட வேண்டாம். கொழுப்பு ஓரத்தோடு நெஞ்சுக்கறி வாங்கி, முள்கரண்டியால் குத்தி, உப்பும் எலுமிச்சைச் சாறும் அழுத்தித் தேய்த்து ஃபிரிட்ஜில் கனம் ஏற்றி வைத்து, தினமும் திருப்பிப் போட்டு ஒரு வாரம் கழித்து மெதுவாக வேகவைப்பார்கள். சிலர் வெடியுப்பு சேர்ப்பார்கள், நான் சேர்ப்பதில்லை. ஆறிய பிறகு மெல்லிசாக வெட்ட வேண்டும். மாடு சாப்பிடாதவர்களுக்கு ஆட்டு உப்புக்கண்டத்தை நெய்யில் வறுத்துக் கொடுங்கள்.

பிரியாணிக்கும், விண்டாலு என்கிற காரமான வினிகர் கறிக்கும் எங்கள் வீடுகளில் போடுகிற பன்னீர் திராட்சை ஒயின்தான். கம்பம் பள்ளத்தாக்குப் பழம், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும். மால்பெக்கை அதோடு போட்டியிட விடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனித் தட்டு இருக்கிறது.

பெரம்பூர்_பேரன்:
இன்று 26. ஆன்ட்டி சால்ட் பீஃப் செய்தார்கள், நான் சாப்ஸ் சுட்டேன். மாலுமி அண்ணா சொன்னது சரி, துவர்ப்பு காணாமலே போய்விட்டது. சாப்ஸை விட சால்ட் பீஃப்தான் ஒரு படி மேலே, அதுவும் அந்தக் கொழுப்பு ஓரம். கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும்?

ராயபுரம்_பார்:
தக்கையை இறுக்கி அடைத்து ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள் தம்பி.