சூயஸ் கால்வாய் கம்பெனி தபால்தலைகள்: அசலைப் பிரித்தறிய உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் எங்கள் பெரியப்பா விட்டுச்சென்ற ஆல்பத்தில், சூயஸ் கால்வாயை வெட்டிய பிரெஞ்சு கம்பெனி 1868-இல் தன் பெயரிலேயே வெளியிட்ட, நீராவிக் கப்பல் படம் கொண்ட தபால்தலைகள் மூன்று கிடைத்தன. 20 சாந்தீம் (பிராங்கின் நூறில் ஒரு பங்கான பிரெஞ்சுக் காசு) நீலம் இரண்டு, 40 சாந்தீம் சிவப்பு ஒன்று. சில வாரங்களே புழக்கத்தில் இருந்த தலைகள் என்பதால், இன்று அசலைவிடப் போலிகளே மிகுதியாகக் கைமாறுகின்றன என்பதை அறிவேன்.

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், ஒரு நீலத் தலையில் கப்பலின் கயிறுகள் மயிரிழையாகப் பிரிந்து தெரிகின்றன. மற்றதில் அவை தடித்து ஒன்றோடொன்று ஒட்டி, இலக்கத்தின் சுழியும் மையால் அடைபட்டிருக்கிறது. சிவப்புத் தலையின் தாளோ அந்தக் காலத்துத் தாளுக்குப் பொருந்தாத வெண்மையுடன் இருப்பதோடு, பின்புறப் பசையில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. உள்ளூர் வியாபாரி ஒருவர் பார்த்த மாத்திரத்தில் மூன்றும் அசல் என்றதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

உறுதிசெய்யப்பட்ட அசல் வைத்திருப்பவர்கள், கப்பலும் இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி பெரிதாக்கிய படம் ஒன்றைப் பகிர்ந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன். கல்லச்சுப் (கல்லின் மேல் படம் வரைந்து அச்சிடும் முறை) பிரதியையும் பிற்கால மறுஅச்சையும் மையின் படிவை வைத்துப் பிரித்தறியும் முறையையும் விளக்க வேண்டுகிறேன்.